படுக்கைக்கு அடியில் இருக்கும் பேட்டரி

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற வேலையை உன் அம்மா தினமும் போனில் முடித்துவிடுகிறாள். ஆகவே நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலையில் உனக்குப் போன் செய்து, வண்டியில் மாட்டியிருக்கும் டியூபுலர் பேட்டரி இரண்டையும் கழற்று, அதோடு கிளம்பாதே என்று சொன்னேன். நீ, “அன்னைக்கு அதுவே போதும்னு நீங்கதான் சொன்னீங்க. இன்னைக்கு வேண்டாம்ங்கிறீங்க. நான் எதைப்பா நம்புறது?” என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயம்புத்தூரிலிருந்து நீயும் சுகந்தியும் வடக்கே கிளம்புகிறீர்கள். இன்று வியாழன். அதற்குள் உன்னை நம்பவைக்க என்னிடம் இருப்பது இந்தக் கடிதம் ஒன்றுதான்.

எழுதச் சொன்னதும் உன் மனைவிதான். நான் போனை வைத்த பிறகு அவள் தனியாகக் கூப்பிட்டாள். “மாமா, பேசுனா ரெண்டு பேரும் முறைச்சுக்குவீங்க. எழுதிக் குடுங்க. வண்டிக்குள்ளயே வீடு கட்டிக்கிட்டுப் போறவங்க குரூப் ஒண்ணு இருக்கு, அதுலயும் போடுறேன், நாலு பேருக்கு உதவும்” என்றாள். போடட்டும். ஆனால் பேட்டரியைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் போட வேண்டாம் என்று அவளிடம் சொல். போட்டால் முழுசாகப் போட வேண்டும். ஏன் என்பது படித்தால் தெரியும்.

நீ முதலில் கேட்டது சித்திரை மாதம். அந்தப் பழைய டிராவலர் வேனை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்படியும் வைக்கப் போவதாகச் சொன்னாய். கல்யாணம் முடிந்த கையோடு ஆறு மாதம் ஊர் சுற்றப் போவதாகச் சொன்னாய். உன் அம்மா “குடியிருக்க வீடா இல்ல?” என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். பிறகு ஒரு மத்தியானம், நான் உன் மாமாவின் பேட்டரிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது போன் செய்து, “அப்பா, வண்டிக்குள்ள லைட்டு, ஃபேன், சின்ன ஃப்ரிட்ஜ் ஓடணும், எந்த பேட்டரி போடலாம்?” என்று கேட்டாய். “வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுறோமே, அந்த டியூபுலரே போதும்லே” என்றேன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொன்ன பதில் அது. கடைக்கு வருகிற முன்பின் தெரியாத ஆளிடம்கூட நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பேட்டரியை எடுத்து வைப்போம். எங்கே வைக்கப் போகிறீர்கள், அதில் என்னென்ன ஓடும், எதில் சார்ஜ் ஏறும், வெயிலா குளிரா. பெற்ற பிள்ளையிடம் ஒன்றையும் நான் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம் சுகந்தி வண்டிப் படங்களை அனுப்பினாள். நீலத் திரைச்சீலை, மடக்கு மேஜை, ஜன்னலோரம் ஒரு துளசித் தொட்டி. கட்டிலைத் தூக்கினால் அடியில் பலகைப் பெட்டி, பெட்டிக்குள் இரண்டு டியூபுலர். வண்டியை வேலை செய்த ஆசாரி அந்தப் பெட்டிக்குக் காற்றுப் போக பக்கத்தகட்டில் இரண்டு ஓட்டை விட்டிருக்கிறார். கெட்டிக்காரர். நீ அதைப் பஞ்சு வைத்து அடைத்து, மேலே தகடு ஒட்டியிருக்கிறாய். ‘மலையில குளிர் உள்ள வராம இருக்க இவரோட ஐடியா மாமா’ என்று சுகந்தி கீழே எழுதியிருந்தாள். அந்தப் படத்தை நான் இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு பதிலும் போட்டேன். மூன்றாம் நாள் கடையில், சார்ஜில் கிடந்த ஒரு டியூபுலருக்குத் தண்ணீர் ஊற்ற மூடியைத் திருகினேன். அமில நெடி மூக்கில் ஏறியது. அப்போதுதான் உன் கட்டில் எனக்கு ஞாபகம் வந்தது. போனை எடுக்க அவ்வளவு நேரம் ஆனது.

டியூபுலர் கெட்ட பேட்டரி இல்லை. வீட்டில், ஜன்னல் பக்கம், ஆடாமல் அசையாமல் இருக்கிற வரை அதைப் போல உழைக்கிற பேட்டரி கிடையாது. ஆனால் சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. திறந்த இடமென்றால் காற்றோடு போய்விடும். அடைத்த பெட்டிக்குள் தேங்கினால் ஒரு சுவிட்ச் பொறி போதும். அந்தப் பெட்டிக்கு மேலே நீங்கள் இரண்டு பேர் படுத்திருப்பீர்கள். அது போக, மலைப்பாதையில் வண்டி சாய்ந்தால் அமிலம் வழியும். எடையோ ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். அத்தனை கனத்தைச் சுமந்தும் அதில் இருக்கிற கரண்டில் பாதியைத்தான் எடுக்க முடியும், அதற்கு மேல் எடுத்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் செத்துவிடும். நேற்று இதைச் சொன்னபோது நீ, “ரெண்டு மூணு மாசம் குளிருக்குத்தானப்பா அடைச்சிருக்கேன், ஒண்ணும் ஆகாது” என்றாய். ஒன்றும் ஆகாது என்று சொல்லி ஒரு கதவை அடைத்தவன் நான். அதைத்தான் இப்போது உனக்கு எழுத வேண்டியிருக்கிறது.

நான் பட்டாசு கம்பெனியை விட்டு வந்ததற்கு முதுகுவலிதான் காரணம் என்று உங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். திருத்தங்கல் பக்கத்து யூனிட்டில் நடந்த விபத்தும் உனக்குத் தெரியும். அங்கே வேலை பார்த்த முத்துமாரியை நான் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததும் தெரியும். உன் கல்யாண மண்டபத்தில்கூட ஒருவர் மைக்கை வாங்கி, ஒரு உயிரைக் காப்பாற்றிய போர்மேன் என்று சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நீ பக்கத்தில் நின்று கைதட்டினாய். நான் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

நடந்தது இது. போன வருஷத்துக்கு முந்தைய ஆடி. சீசன் ஆர்டர் தலைக்கு மேல் நிற்கிறது. மருந்து நிரப்புகிற ரூம் ஒவ்வொன்றிலும் நாலு பேர்தான் உட்கார வேண்டும், நாலு பக்கமும் கதவு இருக்க வேண்டும், நாலும் திறந்தே கிடக்க வேண்டும். ஏதாவது ஆனால் அவரவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற வாசலில் அவரவர் வெளியே விழலாம். இதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் நான் இருபது வருஷம் சோறு தின்றேன். ஆனால் ஆடிக்காற்றில் அம்மியே நகரும் என்கிற ஊரில், மேற்குக் கதவு திறந்திருந்தால் மருந்துப் பொடி தட்டிலே நிற்காது. கண்ணில் விழும், தரையில் படியும், அதுவும் ஆபத்துதான். அதனால் எங்கள் பக்கம் ஆடியில் மேற்குக் கதவை ஒருக்களித்து வைப்பார்கள். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. நானும் ஒருக்களித்துத்தான் வைத்தேன். காற்று அதைத் திரும்பத் திரும்பத் தள்ளித் திறந்தது. நாலாவது தடவை எனக்கு எரிச்சல் வந்து, வெளியே நின்றபடியே இழுத்து அடைத்துக் கொக்கியை மாட்டிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு மணிக்கு முன்பே பிடித்துக்கொண்டது. எதில் உரசியது என்று இன்றுவரைக்கும் தெரியாது. மூன்று பேர் மூன்று வாசலில் வெளியே விழுந்தார்கள். முத்துமாரி மேற்குக் கதவுப் பக்கம் உட்காருகிறவள். அவள் அந்தக் கதவில் போய் மோதினாள். நான் ஓடி வந்து கொக்கியை எடுத்து, கதவைத் திறந்து, அவளைத் தூக்கினேன். அதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். கொக்கியை எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. உயிர் தங்கியது. இரண்டு கையும், இடது பக்கக் கழுத்தும் வெந்துபோயின. விசாரணையில் மேற்குக் கதவு எப்படி மூடியிருந்தது என்று கேட்டார்கள். “காத்துக்காக உள்ள இருந்தவங்க சாத்தியிருப்பாங்க சார்” என்றேன். உள்ளே இருந்தவர்கள் என்றால் யார், அந்தக் கதவுப் பக்கம் உட்காருகிறவள்தானே. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். முத்துமாரி அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் உறைக்கவில்லை. துக்கம், குற்ற உணர்ச்சி என்றெல்லாம் பெரிய பெயர் வைக்காதே, அப்படி ஏதாவது வந்திருந்தால் நல்லது. காப்பி ஆறிப்போனதா சுடுகிறதா என்று தெரியாமல் குடித்தேன். நீ தாலி கட்டும்போது உன் அம்மா அழுதாள். நான் தவில்காரர் வேட்டியில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விபத்துக்கு அப்புறமும் மனுஷன் எவ்வளவு தைரியமாக இருக்கிறார் என்று ஊரில் சொன்னார்கள். போர்மேனுக்குச் சம்பளம் கொடுப்பதே அடுத்தவனுக்கும் சேர்த்துப் பயப்படத்தான். எனக்குப் பயம் போய்விட்டது, அதனால் வேலையை விட்டேன். அதை முதுகுவலி என்று சொன்னேன். அந்த ஆள்தான் சித்திரையில் உன் போனை எடுத்து டியூபுலரே போதும் என்றான். நீ கேட்டாயே, எதை நம்புவது என்று. அன்றைக்குச் சொன்னதை நம்பாதே.

இனி எந்தப் பேட்டரி என்பதற்கு வருகிறேன். இதை நானாகச் சொல்லவில்லை. கடையில் உன் மாமாவிடம் உட்கார்ந்து கேட்டு, அவர் சொன்னதை இரண்டு பேரிடம் சரிபார்த்து எழுதுகிறேன். முதலில், இன்ஜினை ஸ்டார்ட் செய்கிற பேட்டரியில் வீட்டுச் சாமான் எதையும் ஓட்டாதே. அது ஒரு நொடி தம் கட்டித் தள்ளுகிற பயில்வான், ராத்திரி முழுக்க ஃபேன் சுற்றச் சொன்னால் படுத்துவிடும், காலையில் வண்டி கிளம்பாது. இரண்டாவது, மூடி போட்டுச் சீல் வைத்த ஜெல் பேட்டரி. அமிலம் சிந்தாது, சாதாரணமாக வாயுவும் வராது, குளிரையும் தாங்கும். பரவாயில்லை ரகம். ஆனால் கனமும் குறையாது, அதிலும் பாதிதான் எடுக்கலாம். சும்மா வாரக் கடைசியில் குற்றாலம் போய் வருகிறவனுக்கு அது போதும். ஆறு மாதம் குடியிருக்கிறவனுக்கு லித்தியம்தான் சரி.

லித்தியம் என்றதும் ரோட்டில் ஸ்கூட்டர் எரிகிற வீடியோ உன் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் வந்தது. அதில் வகை இருக்கிறது. நீ கேட்டு வாங்க வேண்டியது இரும்பு பாஸ்பேட் வகை, கடையில் எல்.எஃப்.பி. என்றால் எடுத்துத் தருவார்கள். சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், சட்டென்று பற்றிக்கொள்ளாது, டியூபுலர் எடையில் பாதிகூட வராது, உள்ளே இருக்கிற கரண்டைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். ஒன்றே ஒன்று, உறைகிற குளிரில் அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, செல் உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகும். நீங்கள் பனிமலைக்குப் போகிறீர்கள். ஆகவே குளிரில் தானாகச் சார்ஜை நிறுத்துகிற காவல் சர்க்கியூட், பி.எம்.எஸ். என்பார்கள், அது உள்ளே இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். பழைய ஸ்கூட்டர் செல்லைப் பொறுக்கி டப்பாவில் அடைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் போகாதே. இப்போதுள்ள சார்ஜரும் இதற்கு ஒத்துவராது, மாற்ற வேண்டும். ஓடுகிற வண்டியில் கரண்ட் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக வயர் இழுத்தால் ஆல்டர்னேட்டர் கருகிவிடும், நடுவில் அதற்கென்று ஒரு சார்ஜர் வர வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வை. கரண்ட் அடுப்பை மறந்துவிடு, அது ஒன்றே எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும், சுகந்தியிடம் நானே பேசுகிறேன். எந்தப் பேட்டரி போட்டாலும் ஆசாரி விட்ட ஓட்டையைத் திற. குளிர் வந்தால் கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

நேற்று போனை வைத்த பிறகு இதையெல்லாம் உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பேட்டரி வரைக்கும் எழுத வந்தது. கதவைப் பற்றி எழுதுகிற இடத்தில் கை நின்றுவிட்டது. அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்வது அயோக்கியத்தனம் என்று பட்டது. சாயங்காலம் பஸ் ஏறித் திருத்தங்கல் போனேன். விபத்துக்குப் பிறகு அவள் வீட்டுக்கு நான் போனதே இல்லை. வாசலில் உட்கார்ந்து, வளையாத விரல்களால் ஒரு பாத்திரத்தை அணைத்துப் பிடித்துக் கொத்தவரங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையைக் கழுத்துக்கு இழுத்துவிட்டாள்.

“வாங்கண்ணே. உக்காருங்க. மகன் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிச்சா?”

முடிந்தது என்றேன். உட்காரவில்லை. “முத்துமாரி, அந்தக் கதவ அடைச்சுக் கொக்கி போட்டது நாந்தான்” என்றேன். நின்றபடியே சொன்னேன்.

அவள் காயை ஒடிப்பதை நிறுத்தவில்லை. “தெரியும்ணே” என்றாள். “கொக்கி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சே.”

“தெரிஞ்சுமா அந்தக் கதவுக்கே வந்த?”

“பழக்கந்தான். அம்புட்டு வருசமா அந்த வாசல்லதான ஏறி எறங்குனேன். பொகையில காலு தானா அங்கன போயிருச்சு. புண்ணு ஆறுனப்பொறம் இன்னொரு கம்பெனியில ஒக்காந்து செய்யுற வேலை கேட்டேன். நீதான கதவச் சாத்துனவள்னு சொல்லி அனுப்பிட்டாக.”

“பின்ன ஏம்மா நீ யாருட்டயும் சொல்லல?”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. “நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்” என்றாள்.

காப்பி போடவா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நின்றவர் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். எனக்குப் பயமாக இருந்தது, தம்பி. திங்கட்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய், அந்த விசாரணையில் நான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன், அதற்குப் பயம். என் மேல் கேஸ் வரும், அதற்குப் பயம். அதற்கெல்லாம் முன்னால், அந்தப் படத்தில் இருந்த கட்டிலை நினைத்துப் பயம். இரண்டு நாள் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவன், நேற்று பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அந்தக் கட்டிலுக்காக வியர்த்தேன்.

சனிக்கிழமை காலையில் மாமாவும் நானும் கடை வேனில் வருகிறோம். எல்.எஃப்.பி. பேட்டரியும் சார்ஜரும் கொண்டுவருகிறோம். கடிதத்தை அதற்கு முன்பே சுகந்தி போனுக்குப் படமெடுத்து அனுப்பிவிடுவேன். படித்துவிட்டு என் கை உன் வண்டியில் பட வேண்டாம் என்று தோன்றினால் மாமாவிடம் சொல், அவர் மாட்டித் தருவார். நான் உள்ளே வரமாட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய், இருக்கிறது. ஆனால் நீ என்னோடு பேசாமல் போனாலும், அந்த டியூபுலரை இறக்கிவிட்டுப் போ.

உன் அம்மா அடுப்படியிலிருந்து, “இன்னுமா எழுதுறீக, அப்பிடி என்னத்தத்தான் அவனுக்கு எழுதுறீக?” என்று கேட்கிறாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. இந்தத் தாளை மடித்துவைத்துவிட்டு உள்ளே போய் அவளிடம் சொல்ல வேண்டும்.

அப்பா